பாதுகாப்புக் கட்டணம் வாங்கும் பள்ளி: கிருஷ்ணகிரி மாவட்டப் பெற்றோர் ஒருவரின் மதிப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியைப் பற்றிய மதிப்பீடு இது. என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படிக்கிறாள். பள்ளியின் பெயரை எழுதாததற்குக் காரணம், அவளுக்கு அங்கே ஏற்பட்ட காயம் தொடர்பான புகார் இன்னும் விசாரணையில் இருப்பதுதான். பெயரைவிட, அந்தப் பள்ளி எதற்குப் பணம் வாங்கியது, அடிபட்ட பிள்ளையிடம் எப்படி நடந்துகொண்டது என்பவைதான், பர்கூரிலிருந்து பாலக்கோடு வரை இப்படிப்பட்ட பள்ளிகளை நம்பிக் கடன் வாங்கியாவது கட்டணம் கட்டும் பெற்றோருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். படிப்புக்கு ஐந்தில் நான்கு, பேருந்துக்கு நான்கு, கட்டடத்துக்கு ஒன்று. விபத்துக்குப் பிறகு நிர்வாகம் நடந்துகொண்ட விதத்துக்கு அந்த ஒன்றையும் கொடுக்க மனம் வரவில்லை.

படிப்பைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. கணக்கும் அறிவியலும் நடத்தும் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர்கள்; தேர்வுத்தாளைத் திருத்தித் தருவதில் தாமதம் இல்லை; மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பெற்றோர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தும் வழக்கமும் இல்லை. பேருந்துகளும் நல்ல நிலையில் உள்ளன. 2012 ஜூலையில் சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் விழுந்து இறந்த பிறகு, உயர்நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அதன் பலனாக, ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் காலத்தில் வட்டாரப் போக்குவரத்து, காவல், கல்வித் துறை அதிகாரிகள் பேருந்துகளைத் திடலில் வரிசையாக நிறுத்திக் கூட்டாக ஆய்வு செய்கிறார்கள். பேருந்தின் தளப் பலகையை மிதித்துப் பார்ப்பதற்கு ஊரறிய ஒரு நாள் இருக்கிறது. வகுப்பறையின் கூரையைத் தட்டிப் பார்ப்பதற்கு அப்படி ஒரு நாள் இல்லை. இரண்டுக்கும் நான் கொடுத்த மதிப்பெண்களுக்கு இடையிலான வேறுபாடு அங்கிருந்து வருகிறது என்பது என் கணிப்பு.

இனிக் கட்டணத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் தனியார் பள்ளி ஒவ்வொன்றும் வகுப்புவாரியாக எவ்வளவு வாங்கலாம் என்பதை, 2009ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த குழு நிர்ணயிக்கிறது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் இயங்கும் குழு அது. அதற்கு மேல் வாங்குவது சிறைத் தண்டனை வரை செல்லக்கூடிய குற்றம். இந்தப் பள்ளி, குழு நிர்ணயித்த தொகைக்கு அச்சிட்ட ரசீது தருகிறது. அதற்குப் புறம்பாக ‘பாதுகாப்பு மற்றும் காப்பீடு’ என்ற பெயரில் ஆண்டுக்கு 2,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, பள்ளியின் பெயரோ வரிசை எண்ணோ இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுக்கிறது. அந்தப் பணத்துக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு அலுவலகத்தில் இருந்தவர் கண்காணிப்பு கேமரா, காவலாளி, முதலுதவி அறை, விபத்துக் காப்பீடு என்று நான்கைச் சொன்னார். கேமராக்கள் இருக்கின்றன. காவலாளியும் இருக்கிறார், மாலை வேளைகளில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதும் அவரே. முதலுதவி அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. காப்பீட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சேர்க்கையின்போது பெற்றோரை உட்கார வைக்கும் அறையில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்குகின்றன. தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால், 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்றிதழ், தீயணைப்புத் துறையின் சான்றிதழ், சுகாதாரச் சான்றிதழ் ஆகிய நான்கும் வேண்டும். நான் கட்டட வரைபடம் போடும் தொழிலில் இருப்பவன். எங்கள் தொழில் வட்டாரத்தில் இந்த நான்கையும் ‘செட்டு’ என்று சொல்வார்கள். செட்டை முடித்துக் கொடுப்பதற்கென்றே இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். பள்ளித் தரப்பில் யாரும் எந்த அலுவலகப் படியும் ஏற வேண்டியதில்லை, தொகையைச் சொன்னால் போதும், ‘எல்லா இடத்துலயும் கவனிச்சுட்டோம்’ என்ற பதிலோடு தாள்கள் வந்து சேரும். எல்லாப் பள்ளிகளும் இப்படித்தான் வாங்குகின்றன என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகச் செய்துவிட்டு மாதக்கணக்கில் அலையும் தாளாளர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் சட்டமிட்டு மாட்டிய தாளைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். இந்தப் பள்ளியில் சான்றிதழ்கள் தலைக்கு மேல் இரண்டு அடி உயரத்தில் மாட்டப்பட்டிருப்பதால் அரசு முத்திரை தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை.

சென்ற கல்வியாண்டில், மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, உணவு இடைவேளையில் கீழ்த்தளத் தாழ்வாரத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தவள் மீது இரண்டாம் தளத்து ஜன்னல் சன்ஷேடின் அடிப்பூச்சு கம்பித் துருவோடு பெயர்ந்து விழுந்தது. இடது காறை எலும்பு முறிந்தது; தலையில் படாதது தெய்வாதீனம். சன்ஷேடு என்பது ஒரு பக்கம் மட்டுமே சுவரில் பிடிமானம் உள்ள பலகை. அதற்குள் போகும் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். கொத்தனார் கான்கிரீட் போடும்போது கம்பியின் மேல் ஏறி மிதித்தால் அது அடியில் இறங்கிவிடும்; அடியில் இறங்கிய கம்பியை மூடுவதற்குப் போதிய கனத்தில் கலவை இருக்காது; மழை ஈரம் உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கும்; துருவேறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் பூச்சை வெளியே தள்ளும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் கம்பியின் நீளத்துக்கு ஒரு மெல்லிய விரிசல் வரும், பிறகு பழுப்புக் கறை வழியும், பிறகு தட்டினால் பொத்தென்று ஓசை கேட்கும். ஆண்டுக்கணக்கில் எச்சரித்த பிறகுதான் அது விழும். பொறியாளர் ஒருவர் சுத்தியலோடு ஒரு சுற்று நடந்திருந்தாலே கண்டுபிடித்திருப்பார்; கான்கிரீட்டின் வலிமையை அறிய ரீபவுண்ட் ஹேமர் என்ற எளிய கருவியும் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு நான் பார்த்தபோது அந்தத் தளத்தின் பல சன்ஷேடுகளில் கறையை மறைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கறையை மறைக்கத் தெரிந்தவர்களுக்குக் கறை இருந்ததும் தெரிந்திருக்கும் என்பதை விசாரிப்பவர்களிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

அன்று பள்ளி செய்தவற்றுள் ஒன்று மட்டும் சரி: வகுப்பாசிரியை மகளை விட்டு நகரவே இல்லை. மற்றதெல்லாம் கணக்குப் போட்டுச் செய்தவை. அருகிலேயே அரசு மருத்துவமனை இருக்க, நிர்வாகத்துக்கு வேண்டிய ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் சீட்டில் ‘விளையாடும்போது தவறி விழுந்ததால் காயம்’ என்று எழுதியாகிவிட்டது. அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எப்படி, எங்கே, எப்போது என்று பதிவாகும், காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். அந்த ஒரு பக்கத்தைத் தவிர்க்கத்தான் இத்தனை விரைவு. நாங்கள் அன்றைக்கே அவளைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பணியில் இருந்த மருத்துவர் மகளிடமே கேட்டு, ‘பள்ளிக் கட்டடத்தின் பூச்சு மேலே விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று பதிவு செய்தார். ஏ.ஆர். காப்பி என்று மக்கள் சொல்லும் அந்தப் பதிவேட்டு நகல்தான் இந்த விவகாரம் முழுவதற்கும் அடித்தளம். பள்ளியில் பிள்ளைக்கு அடிபட்டால், எந்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தாலும், இந்தப் பதிவு இல்லாமல் வீடு திரும்பாதீர்கள்.

பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, அந்தப் பள்ளி அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பித்த சான்றிதழ்களின் நகல்களைக் கேட்டு விண்ணப்பித்தேன். தனியார் பள்ளி நேரடியாகத் தகவல் தர மறுக்கலாம். ஆனால் அது கல்வி அலுவலகத்தில் கொடுத்து வைத்த தாள்கள் அரசுக் கோப்பில் இருப்பவை, அவற்றை அந்த அலுவலகத்திடம் கேட்கலாம். சட்டம் தரும் 30 நாள் கெடுவுக்குள் நகல்கள் வந்தன. சுவரில் படிக்க முடியாமல் தொங்கியதை மேசையில் விரித்துப் படித்தபோது தெரிந்தது: கட்டட உறுதிச் சான்றிதழ் தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது. கட்டட உரிமத்திலும் அதே இரண்டு தளங்கள்தாம். பள்ளியில் இருப்பதோ மூன்று. ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் உட்காருவது, தாளில் இல்லாத இரண்டாம் தளத்தில். பூச்சு விழுந்ததும் அந்தத் தளத்திலிருந்துதான்.

கையூட்டு கைமாறியது என்று என்னால் நிறுவ முடியாது, நிறுவ முடியாததை எழுதவும் மாட்டேன். ஆனால் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே எண்ணிவிடக்கூடிய ஒரு தளத்தை, நேரில் பார்வையிட்டதாகக் கையெழுத்திட்டவர்கள் எவரும் எண்ணவில்லை என்றால், அவர்கள் அங்கே வரவில்லை, அல்லது வந்தும் பார்க்கவில்லை. சட்டப்படி தர வேண்டிய சான்றிதழை அது பொய் என்று அறிந்தே தருவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 234ஆம் பிரிவில் குற்றம். பணம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட அரசு ஊழியருக்கு 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பள்ளி நடத்துபவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், ‘கொடுக்காவிட்டால் கோப்பு நகராது, நாங்கள் என்ன செய்வது’ என்பது. 2018இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது: கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் உரிய புலனாய்வு அமைப்பிடம் தெரிவித்துவிட்டால் அவர் மீது குற்றம் இல்லை. ஏழு நாட்களைக் கடந்து, அந்தச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டி, அதைக் காட்டிக் கட்டணமும் வாங்கியவர் தம்மைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

தாளில் எல்லாம் சரியாக இருந்து, பிள்ளைகள் இறந்த கதை நமக்குப் புதிதல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் நடந்துவந்த பள்ளிகளில், சத்துணவுக் கூடத்திலிருந்து பரவிய தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகள் கருகினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 21 பேரில் 10 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, 11 பேரை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பள்ளி நடத்தியவர்களோடு கல்வித் துறையினரும், கட்டடத்துக்குச் சான்று கொடுத்தவரும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தீ விபத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009இல் உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுத்து இடிக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளியிலும் வெளிப்புறம் வண்ணம் பூசினார்கள், நன்றாகவே இருந்தது.

விபத்து நடந்த அடுத்த வாரத்தில் மேலாளர் வீட்டுக்கு வந்தார். மருத்துவச் செலவைப் பள்ளி ஏற்கும், அந்த ஆண்டின் மீதக் கட்டணமும் தள்ளுபடி. அதற்கு ஈடாக, ‘எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை, இனி எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம்’ என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் நானும் மனைவியும் கையெழுத்திட வேண்டும். ‘பெருசு பண்ணாதீங்க சார், பாப்பா அடுத்த வருஷம் பத்தாவது, அவ படிப்புதான் பாழாகும்’ என்றார். கனிவான குரலில் சொல்லப்பட்ட அந்தச் சொற்களுக்குள் இருந்த மிரட்டல் என் மனைவிக்கு என்னைவிட முன்பே விளங்கிவிட்டது. ‘செலவுக் கணக்கை எழுத்துல அனுப்புறோம்ங்க, கையெழுத்து மட்டும் கேக்காதீங்க’ என்று காபி கொடுத்து அனுப்பி வைத்தார்.

இந்த இடத்தில் சட்டம் பெற்றோருக்குத் தெரிந்ததைவிடப் பலமாகப் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. காயம் பட்டது பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு (சட்ட மொழியில் ‘இளவர்’), உரிமையும் அவருடையதே. உரிமையியல் வழக்கில், நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் இளவர் சார்பில் செய்யும் சமரசம் அவரைக் கட்டுப்படுத்தாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளை, 7ஆம் விதி அதைச் சொல்கிறது. சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்ற வழக்கிலும், இளவருக்காக மற்றவர் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும். காலக்கெடுவும் அப்படியே: பொறுப்பாளி மீது இழப்பீடு கோருவதற்கான மூன்று ஆண்டுக் கெடு, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவால், அவர் பதினெட்டு வயதை அடைந்த பிறகே ஓடத் தொடங்கும். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், ‘பள்ளி வளாகத்தில் நேரும் விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரியும் இதே வகைதான். தன் கவனக்குறைவுக்குத் தானே முன்கூட்டி எழுதிக்கொள்ளும் மன்னிப்பு அது, அதைப் பார்த்துவிட்டு வழக்கு நிற்காது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

குற்றவியல் பக்கத்தில், எலும்பு முறிவு என்பது சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். கவனக்குறைவான செயலால் அது நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. உயிரே போயிருந்தால் 106ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. நாங்கள் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் பிறகு முதல் தகவல் அறிக்கையின் நகலும் பெற்றுவிட்டோம்.

இழப்பீடுதான் சிக்கலான பகுதி. இங்கே பெற்றோர் பலர் வழி தவறுகிறார்கள். பணம் கட்டி வாங்கிய சேவையில் குறை என்பதால் நேராக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றும். கட்டிய கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம்கூட இல்லை. ஆனால் 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், மனு சோலங்கி வழக்கில், பள்ளி கல்லூரிகளின் கல்விப் பணி மட்டுமல்ல, சுற்றுலா, நீச்சல் போன்ற துணைச் செயல்பாடுகளும் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று கூறிவிட்டது. பயிற்சி மையங்கள் மட்டும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது. பள்ளிகளின் வழக்கறிஞர்கள் எடுத்த எடுப்பில் நீட்டும் தீர்ப்பு அது. மறுபுறம், நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூருவில் ஒன்பதாம் வகுப்பு படித்த மாணவி ஒருவர், 2006 டிசம்பரில் பள்ளி அழைத்துச் சென்ற வட இந்தியச் சுற்றுலாவில் காய்ச்சலில் விழுந்து, தக்க நேரத்தில் மருத்துவம் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையோடு முடங்கிய வழக்கு நுகர்வோர் ஆணையங்கள் வழியாகத்தான் சென்றது. கர்நாடக மாநில ஆணையம் 88 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொன்னதைத் தேசிய ஆணையம் 50 லட்சமாகக் குறைத்தது. உச்சநீதிமன்றம் 2021இல் முழுத் தொகையையும் மீட்டுக் கொடுத்தது. ஆகவே நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, அகலத் திறந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அங்கே இரண்டு ஆண்டுக் கெடு வேறு இருக்கிறது.

உரிமையியல் நீதிமன்றத்தில் இந்தத் தகராறே இல்லை. பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பள்ளி, அக்கறையுள்ள பெற்றோர் காட்டும் கவனத்தைக் காட்ட வேண்டும், ஊழியரின் கவனக்குறைவுக்கு நிர்வாகமே பொறுப்பு என்பது நிலைத்துவிட்ட சட்டம். 1995 மே மாதம் பஞ்சாபில் பள்ளி ஒன்று பியாஸ் ஆற்றங்கரைக்குச் சிற்றுலா அழைத்துச் சென்றதில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள்; ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து லட்சம் ரூபாய் என்று உயர்நீதிமன்றம் விதித்ததை 2001இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. நீதிமன்றச் செலவை நினைத்து மலைப்பவர்கள், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படிக்க வேண்டும்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் நேரிலும் விண்ணப்பிக்கலாம். எங்கள் மகளின் பெயரில் அப்படித்தான் விண்ணப்பித்திருக்கிறோம்.

காப்பீட்டைச் சொல்ல வேண்டும் அல்லவா. பலமுறை கேட்ட பிறகு காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் ஒன்று கிடைத்தது. அது மாணவர் குழு விபத்துக் காப்பீடு. மரணத்துக்கும், கை கால் கண் இழப்பு போன்ற நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே பணம் தரும். எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, பிசியோதெரபி செய்து குணமாகும் பிள்ளைக்கு ஒரு ரூபாயும் இல்லை. மருத்துவச் செலவையும் சேர்த்து எடுக்கும் வசதி இருந்தும் பள்ளி அதை எடுக்கவில்லை. பத்திரத்தில் கண்ட பிரீமியத் தொகையை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், எங்களிடம் வாங்கிய 2,500 ரூபாயில் மிகச் சிறு பகுதிதான் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. மீதி எங்கே போயிற்று என்பதற்கு வெள்ளைச் சீட்டில் விடை இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ‘இன்சூரன்ஸ்ல வரலைன்னா நாங்க என்ன பண்றது’ என்று அலுவலகத்தில் சொன்னதைப் போல, காப்பீடு எங்கே முடிகிறதோ அங்கேயே பள்ளியின் பொறுப்பும் முடிந்துவிடுவதில்லை. காப்பீட்டு நிறுவனம் கொடுக்காத தொகைக்குப் பள்ளிதான் ஈடு சொல்ல வேண்டும். பள்ளிப் பேருந்தில் அடிபட்டால் மட்டும் கதை வேறு; அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, வண்டிக்குக் காப்பீடு கட்டாயம், ஆனால் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இறுகிவிட்டது.

இந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தரைத்தளத்தில் நடக்கும் வகுப்பு என்றால், படிப்புக்காகச் சேர்க்கலாம் என்பதே என் பதில். மேல் வகுப்புகளுக்கு, இரண்டாம் தளத்தையும் சேர்த்துப் புதிய உறுதிச் சான்றிதழ் வாங்கும் வரை வேண்டாம். விபத்துக்குப் பிறகு பூச்சு விழுந்த பக்கத்துச் சன்ஷேடுகளைக் கொத்தி எடுத்துக் கம்பியைச் சுத்தம் செய்து புதிதாகப் பூசியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் கை வைக்கவில்லை. எங்கள் எழுத்துமூல வேண்டுகோளின் பேரில் மகளின் பிரிவை மட்டும் கீழே மாற்றினார்கள், மற்ற பிரிவுகள் மேலேயே இருக்கின்றன. அந்தப் பிரிவுகளின் பெற்றோரிடம் சான்றிதழ் நகலைக் காட்டியபோது சிலர் படம் எடுத்துக்கொண்டார்கள், சிலர் பிள்ளையின் அக மதிப்பெண்ணுக்குப் பயந்து அந்த நகலைப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள். அந்த அச்சத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணை அவர்களிடம் எழுதிக் கொடுத்தேன்.

பொதுத்தேர்வு ஆண்டின் நடுவில் பள்ளி மாற்றுவது மகளுக்குப் பிடிக்கவில்லை, ஆசிரியர்கள் மேல் அவளுக்கு உள்ள பற்றையும் நாங்கள் மதிக்கிறோம். எனவே பத்தாம் வகுப்பை அங்கேயே முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். பதினொன்றாம் வகுப்புக்கு அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டட உரிமத்தையும் உறுதிச் சான்றிதழையும் பார்க்கலாமா என்று கேட்டதும் தலைமையாசிரியர் முகம் கோணாமல் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். முதலில் தளங்களின் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன், சரியாக இருந்தது. சேர்க்கைப் படிவம் வாங்கி வந்திருக்கிறோம்.